பெயிண்ட் அப்புறம், டியூனிங் முதலில்!

பழைய புல்லட் வைத்திருப்பது இப்போது ஒரு கௌரவம். கணக்குப் புத்தகப்படி பார்த்தால், தேய்மானம் போட்டுப் போட்டே மதிப்பு காணாமல் போயிருக்க வேண்டிய வண்டி. ஆனால் நல்ல நிலையில் உள்ளதற்கு இன்று நல்ல விலை! சரி, வாங்குபவர் முதலில் செலவு செய்வது எதற்கு? குரோமுக்கு, பெயிண்டுக்கு, தெருவையே எழுப்பும் சைலன்சருக்கு. இன்ஜின் கடைசியில்தான்.

இது தலைகீழ் வேலை.

1955ல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் 350 சிசி புல்லட் இன்ஜின் ரொம்ப எளிமையானது. ஒரே சிலிண்டர். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் கையால் சரிசெய்வதுதான். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதற்கு ஒரு ஃபில்லர் கேஜ் போதும். டைமிங் முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பிந்தினால் இன்ஜின் சூடேறும், இழுவை போய்விடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டரின் ஜாதகமே தெரியும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காபித்தூள் நிறம் என்றால் சரி. இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்!

"பாயிண்டைத் தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் தொல்லை இல்லையே" என்பார்கள். நியாயம்தான். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு அதில் தப்பே இல்லை. ஆனால் கழற்றியதைப் பழைய இரும்புக்கடையில் போடாமல் எடுத்து வைக்கலாமே? நாளை வாங்குபவருக்கு அதுவும் வண்டியின் ஒரு பகுதி.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. பெயிண்டுக்குக் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுப்பவர், அரை நாள் உட்கார்ந்து டைமிங் வைத்தவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார். பிறகு அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்?

பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அந்தக் காதும் கையும் போய்விட்டால், மிஞ்சுவது ஷோகேஸ் பொம்மைதான்.