வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

கொங்கு நாட்டின் தோட்டத்துச் சாளைகளில் தனித்து வசிக்கும் குடியானவர்களின் உறக்கம் கெட்டு நாளாகிறது. 2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே ஒரே சாளையில் மூவர் கொல்லப்பட்டனர். 2025-இல் சிவகிரிக்கு அருகே ஒரு முதிய தம்பதியர் அவ்வாறே மாண்டனர். பிள்ளைகள் பட்டணத்திலும் பரதேசத்திலும் பிழைக்க, கிழவனும் கிழவியும் காட்டின் நடுவே ஒரு விளக்கைத் துணையாகக் கொண்டு இரவைக் கழிக்கும் வீடுகள் அங்கே ஒன்றிரண்டல்ல. ‘வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால்?’ என்ற பேச்சு இத்தகைய இடங்களில் எழுவது இயற்கையே. அது எழுந்தபின், ‘எந்தத் துப்பாக்கி?’ என்பது அடுத்த கேள்வி. வியாபாரியைக் கேட்டால் தம் கடையில் இருக்கும் சரக்கைச் சொல்லுவார். சினிமா பார்த்து வளர்ந்த இளைஞரைக் கேட்டால் ரிவால்வர் என்பார். இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட விரும்புகிறோம்.

ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டதுமே அஹிம்ஸையின் பேரால் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒன்றை நினைவு கூர்வது நலம். 1930-இல் மகாத்மா காந்தி இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளுள், ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. உப்பு வரியை ஒழிக்கச் சொன்ன அதே பட்டியலில்தான் அதுவும் இருந்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம் பெற்றது. காரணம் தெளிவு. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவனுக்கும் உண்டு என்று எழுதி வைத்தது. பதினெட்டே ஆண்டுகளில், 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்து இந்தியனின் கையைக் கட்டிற்று. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு. உரிமை ஏட்டில், ஆயுதம் வெள்ளையன் வீட்டில் என்ற இந்த நிலையைத்தான் நமது தலைவர்கள் எதிர்த்தனர்.

சுதந்திரம் வந்தபின் நடந்தது வேறு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் ஆயுதம் தாங்கும் உரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அமெரிக்கர் தம் அரசியல் சட்டத்தில் 1791 முதல் வைத்திருக்கும் உரிமை நம்முடையதில் இல்லை. அது சரியே என்பது நமது கருத்து. பிரிவினைக் காலத்து ரத்தம் காயாத நாட்டில் அந்தச் சபை வேறு முடிவு செய்திருக்க முடியாது. ஆகவே இன்று துப்பாக்கி நமக்கு உரிமையன்று, அனுமதி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே அந்த அனுமதியின் வாசல்.

அந்த வாசலைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. ராணுவமும் போலீஸும் கையாளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல், .303 ரைபிள், .38 ரிவால்வர் முதலியன சாதாரணக் கிரஹஸ்தருக்குத் தடை செய்யப்பட்டவை. எஞ்சியவற்றுள் வீட்டுக்கென்று ஜனங்கள் நாடுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். மற்றது, 12 போர் ரவைத் துப்பாக்கி. சட்டம் இவ்விரண்டையும் ஒரே கண்ணால் நோக்கவில்லை. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான ரவைத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகவோ வேட்டை விளையாட்டுக்காகவோ ஒருவர் கேட்டால், விண்ணப்பதாரரிடத்தும் ஊர் அமைதியிடத்தும் ஆட்சேபம் இல்லாத வரையில், லைசென்ஸ் ‘வழங்கவேண்டும்’ என்கிறது 13-வது பிரிவு. மற்ற ஆயுதங்களுக்கோ, தகுந்த காரணம் உண்டென்று அதிகாரி திருப்தி அடையவேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதியும் அச்சட்டத்தில் உண்டு. பாராளுமன்றம் ஏழைக் குடியானவனின் கைக்கு எந்த ஆயுதம் ஏற்றது என்று 1959-இலேயே தீர்மானித்துவிட்டதாகவே நாம் இதைப் படிக்கிறோம்.

ஆயினும் ரிவால்வர் மோகம் குறையவில்லை. அதன் பட்சத்தில் கூறப்படும் வாதங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2008-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியா அவ்வாதங்களை நன்றாகத் தொகுத்திருக்கிறார். கைத்துப்பாக்கியை எட்டும் இடத்தில் வைக்கலாம். எதிரி அதைப் பற்றிப் பறிப்பது கடினம். நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்க்கத் தோள்வலி இல்லாதவரும் அதைப் பிடிக்கலாம். ஒரு கையால் திருடனை நோக்கி நீட்டிக்கொண்டே மறு கையால் போலீஸுக்குப் போன் செய்யலாம். எழுபது வயதுக் கிழவருக்கு 3 கிலோ எடையுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி பாரம்தான், அது தோளில் உதைக்கும் உதையும் சாமானியமன்று என்பதை நாமும் ஒப்புகிறோம்.

ஆனால் அமெரிக்கனுக்குச் சுட்டுப் பழகும் இடம் ஊருக்கு ஊர் உண்டு, தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. நம் லைசென்ஸ்தாரருக்கோ வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சுட்டுப் பழகும் களம் ஜில்லாத் தலைநகரில் இருந்தால் அதிர்ஷ்டம். குட்டைக் குழலுடைய ரிவால்வரால் குறி தவறாமல் சுடுவது பயிற்சிக்கே வசப்படும் வித்தை. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், நடுங்கும் கையால், வருஷத்தில் ஒரு முறைகூடச் சுட்டறியாதவர் அதை இயக்கினால் குண்டு எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? கைப்பையில் அடங்குவது சுடுபவனுக்குச் சௌகரியம். களவு போவதற்கும் அதே சௌகரியம். 2014-இல் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று ‘நிர்பீக்’ என்ற பெயரில் அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்! இரவு வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்கும் எந்தப் பெண்ணை நினைத்து அந்த விலை நிர்ணயிக்கப்பட்டதோ, நாம் அறியோம். உண்மையில் நம் நாட்டில் ரிவால்வர் பலருக்கு இடுப்பில் செருகும் அந்தஸ்து. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வடநாட்டு வழக்கம் எத்தனையோ வீடுகளில் எழவு விழச் செய்தபின், 2019-ஆம் வருஷத் திருத்தம் அதைத் தனிக் குற்றமாக்க வேண்டியிருந்தது.

ரவைத் துப்பாக்கியே உசிதம் என்று நாம் சொல்வதால், அதைப் பற்றிய மூடநம்பிக்கையையும் இங்கேயே களைந்துவிட வேண்டும். ரவை விரிந்து பரவும், குறி பார்க்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். திறந்த வெளியில் கொக்கை நோக்கிச் சுடும்போது அது ஓரளவு மெய். ஒரு கூடத்தின் பதினைந்து அடி தூரத்தில் ரவை உள்ளங்கை அகலம் விரிந்தால் அதிகம். குறி பார்க்கத்தான் வேண்டும். எஸ்.ஜி., எல்.ஜி. என்னும் பெரிய ரவை மெல்லிய தடுப்பையும் கதவையும் துளைத்து, அடுத்த அறையில் உறங்கும் குழந்தையையும் சேரும். ஆனால் நீண்ட குழல் பழகாதவனுக்கும் திசை காட்டும். தோளோடு அணைத்துப் பிடிப்பதால் கை நடுக்கம் குறையும். குழலை மடக்கித் திறந்தால் தோட்டா உள்ளதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். பிஸ்டலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருப்பதை அறியாமல் விசையை இழுத்து உயிர் குடித்தவர் உலகெங்கும் உண்டு. சாளைக்கு ஒரு துப்பாக்கிதான் என்றால், சாதாரண இரட்டைக்குழல் போதும். இரண்டு வேட்டுக்கு மேல் தேவைப்படும் அளவுக்குக் கூட்டமாக வருபவர்களை மூன்றாவது வேட்டும் நிறுத்தாது.

இனி எல்லாவற்றிலும் கடினமான விஷயத்துக்கு வருகிறோம். துப்பாக்கியை எங்கே வைப்பது? பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டினால் வீடு பத்திரம். ஆனால் திருடன் வந்த இரவில் சாவியைத் தேடவேண்டும். தலைமாட்டில் தோட்டா போட்டு வைத்தால் வேளைக்கு உதவும். ஆனால் பகலெல்லாம் அது பேரனின் கைக்கெட்டும். இதற்குத் தப்ப வழியில்லை. ஹெல்லர் வழக்கின் உயிர்நாடியே இதுதான். வாஷிங்டன் நகரச் சட்டம் கைத்துப்பாக்கியைத் தடுத்ததோடு, வீட்டிலுள்ள துப்பாக்கி எதுவும் தோட்டாவின்றி, கழற்றியோ விசை பூட்டியோ இருக்கவேண்டும் என்றது. அப்படியானால் தற்காப்புக்கு உதவாதே என்று ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதை ரத்துச் செய்தனர், நால்வர் மாறுபட்டனர்.

சட்ட வாதம் அங்கே முடிந்தது, கணக்கு முடியவில்லை. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட முடிவு இது: கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, அது இல்லாத ஆடவரைப் போல் ஏறக்குறைய 8 மடங்கு, பெண்களிடத்தில் 35 மடங்கு. அதே குழுவினர் 2022-இல் கண்டது, கைத்துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் கொலையுண்பது மற்றவரைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதாகும். காப்பாற்றப்பட வேண்டியவர் என்று எவரை நினைத்துத் துப்பாக்கி வாங்கப்படுகிறதோ, அவரே பலியாகிறார். அமெரிக்கக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். கடனில் மூழ்கிப் பூச்சிமருந்தைத் தேடும் குடியானவன் இல்லாத ஜில்லா எது? குடித்துவிட்டு வந்து மனைவியின் மயிரைப் பற்றும் மகன் இல்லாத தெரு எது? பூச்சிமருந்து குடித்தவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லச் சில மணி நேரமேனும் உண்டு. தோட்டா அந்த அவகாசத்தைத் தராது.

ஆகையால் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்குமுன் வீட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்கிறோம். சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டிலும், குடிகாரன் இருக்கும் வீட்டிலும், மனம் உடைந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டிலும், பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீட்டிலும் எந்தத் துப்பாக்கியும் வேண்டாம். வழக்கறிஞர் தொழிலில் நாம் பார்த்த வரப்புச் சண்டைகளில் கையருகே மண்வெட்டிதான் இருந்தது. அதனால் பிழைத்தவர் பலர். ஊரிலிருந்து தொலைவில், உடலும் நிதானமும் உள்ள ஒருவர் வசிக்கும் சாளைக்கே நாம் மேலே சொன்ன இரட்டைக்குழல் பொருந்தும். அதுவும் பூட்டிய பெட்டியில், சாவி அவர் இடுப்பில். சாவியைத் தேடும் அரை நிமிஷத்தைச் சம்பாதித்துக் கொடுக்க வேறு ஏற்பாடுகள் வேண்டும். நல்ல தாழ்ப்பாளும், வாசலில் பெருவெளிச்சமும், குரைக்கும் நாயும், அழைத்தால் எடுக்கும் அண்டைத் தோட்டத்தார் போன் நம்பரும் அவை. இவை இல்லாத வீட்டில் துப்பாக்கி, தூங்குகிறவன் பக்கத்தில் வைத்த கைத்தடிதான்.

சுடும் உரிமையின் எல்லையையும் தெரிந்துகொள்ளவேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் பழைய தண்டனைச் சட்டத்தின் தற்காப்பு விதிகளையே பெரும்பாலும் தொடர்கின்றன. கொள்ளையைத் தடுக்கவும், அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே வீட்டை உடைத்துப் புகுபவனைத் தடுக்கவும் உயிர் போகும் அளவுக்குத் தாக்கினாலும் குற்றமில்லை என்கிறது 41-வது பிரிவு. ஆனால் தற்காப்புக்கு அவசியமானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. சர்க்காரின் பாதுகாப்பை நாடுவதற்கு அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. தேங்காய் திருடிக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறவனின் முதுகில் சுட்டவர், தற்காப்பு என்பதைத் தாமே நிரூபிக்கவேண்டும். அந்தப் பாரம் இலேசானதன்று. லைசென்ஸுக்குக் காத்திருக்க மனமின்றி, ரகசியமாக நாட்டுத் துப்பாக்கி வாங்குவோருக்குத் திருடன் வராமலே சிறை வாய்க்கும். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் அது 2 ஆண்டுக்குக் குறையாது, 5 ஆண்டு வரை நீளும்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. லைசென்ஸ் விண்ணப்பங்களைத் தீர்மானிக்க விதிகள் கெடு வைத்திருக்கின்றன. போலீஸ் அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால் அதற்குக் காத்திராமலே உத்தரவிடலாம் என்றும், மறுத்தால் காரணத்தை எழுதவேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. ஆனால் ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் காகிதத்தைக் கிடப்பில் போடுவதே உத்தியோக சாமர்த்தியம் என்று கருதுவோர் உண்டு. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து விதிகள் கேட்கின்றன, நியாயமே. அந்தப் பயிற்சியைத் தாலுகா தோறும் யார் தருகிறார்கள்? தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஜனநாயகத்துக்கு அது அவசியமென்றால் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் சாளைக்காரருக்கு என்ன வழி? கலெக்டர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தின் மீதும் கெடுவுக்குள் உத்தரவு எழுதட்டும். இல்லை என்று எழுதப்படும் சாளைக்கு, இரவு ரோந்து எத்தனை மணிக்கு எந்த வழியாக வரும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதட்டும்.