கியர் போடுங்க, கூச்சப்படாதீங்க

யுகுலேலே செய்யக் கிளம்பும் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். மஹோகனியா, தேக்கா, பலகை எத்தனை மி.மீ. தடிமன் என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் விவாதம் ஓடும். தந்தியை முறுக்கும் ட்யூனர் பேச்சு வந்தால் மட்டும், "கிடைச்சதை மாட்டிக்கலாம் மச்சான்" என்று முடிந்துவிடும். ஆனால் மாசக்கணக்கில் உழைத்துச் செய்த கருவி கையில் இருக்குமா, பரணுக்குப் போகுமா என்பது அந்த நாலு ட்யூனர் கையில்தான் இருக்கு. சுருதி நிக்காத கருவியை யாரும் ரெண்டாவது வாரம் எடுக்க மாட்டாங்க.

அதனால என் கட்சி இது: முதல் யுகுலேலேக்கு கியர் ட்யூனரே போடுங்க.

"பழைய யுகுலேலேல கியர் ஏது?" என்று கேட்பீர்கள். சரிதான். 1879-இல் மதெய்ரா தீவிலிருந்து ஹொனலுலு வந்த போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த சின்ன கிட்டார்தான் இதன் மூதாதை. அன்று மர முளைகளே இருந்தன. நம் வீணையிலும் மரப் பிரடைதானே மரபு? இன்று கியர் வைத்த வீணைகளும் மேடை ஏறுகின்றன. அதனால் அது வீணை இல்லை என்று ஆகிவிடவில்லை.

கணக்கைப் பாருங்க. தந்தி சுற்றும் தண்டு 6 மி.மீ. விட்டம் என்றால், சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. கியர் இல்லாத முளையை 10 டிகிரி திருப்பினால் தந்தி அரை மி.மீ. நகரும். 14:1 கியரில் அதே 10 டிகிரிக்கு 0.04 மி.மீ.கூட நகராது. புதுசாகக் கற்பவரின் விரலுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு. இன்னொன்று, முளையைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டும்தான். இறுக்கினால் திருகவே வராது, தளர்த்தினால் வழுக்கும். வார்ம் கியரில் அந்தத் தொல்லை இல்லை. வார்ம் சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் வார்மைத் திருப்பாது. மெஷின் டிசைன் வகுப்பில் படித்ததுதான்.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் உண்டு: எடை. சின்ன சொப்ரானோவில் கனமான கியர் போட்டால் தலை கீழே சாயும். பக்கவாட்டில் காது மாதிரி நீட்டிக்கொண்டும் இருக்கும். பிளானெட்டரி கியர் ட்யூனர் இரண்டையும் தீர்க்கும், ஆனா விலை பர்ஸைக் கடிக்கும். முதல் கருவிக்கு, மூடி இல்லாத லேசான கியர் செட் போதும்.

பொருத்தும்போது நாலு விஷயம். ஒன்று, ட்யூனர் கைக்கு வந்தபிறகே ஹெட்ஸ்டாக்கை வரையுங்க. துளை அளவும் மரத்தின் தடிமனும் வெர்னியரில் அளந்து முடிவாகணும். இரண்டு, துளை போடும்போது பின்னால் ஒரு வேஸ்ட் பலகையை இறுக்கி வையுங்க. இல்லேன்னா பிட் வெளியே வரும் இடத்தில் மரம் பிய்யும். மூன்று, இடது 2, வலது 2 என்று பிரிச்சுப் பாருங்க. தந்தியின் இழுப்பு சக்கரத்தை வார்மோடு சேர்த்து அழுத்தணும், விலக்கக் கூடாது. நான்கு, குட்டி ஸ்க்ரூவுக்கு முதலில் சின்னத் துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவுங்க. வலுவா முறுக்கினால் தலை உடைஞ்சு மரத்துக்குள்ளேயே மாட்டிக்கும். எல்லாம் உட்காருதான்னு பார்த்து, கழற்றிவிட்டு, பிறகு பாலிஷ் அடியுங்க.

ஒரு எச்சரிக்கை. நட்டில் தந்தி உட்காரும் பள்ளம் தந்தியைக் கவ்வினால் எந்தக் கியரும் காப்பாற்றாது. திருகும்போது "டிக்" என்று சத்தம் வந்தால், ட்யூனரைத் திட்டாமல் பள்ளத்தைச் சரிபண்ணி, பென்சில் கரியைத் தேய்ச்சுப் பாருங்க.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு மரக்கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, ட்யூனரை ஆர்டர் பண்ணிடுங்க. மரம் எதுவாக இருந்தாலும், சுருதி நின்றால்தான் அதன் குரல் நமக்குக் கேட்கும்.