யார் சொன்னது?

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 76. வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்தால் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையே வேண்டியதில்லை என்று சென்ற வாரம் திடீரென்று பிரகடனம் செய்தார். இரண்டு நாளாக மாத்திரையைத் தொடவும் இல்லை.

"யார் சொன்னது, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"டாக்டரேதான் சொன்னார்!" என்றார்.

விசாரித்ததில், டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பூங்காவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது அது. பெரியப்பா பொய் சொல்லுகிறவர் அல்லர். வெந்தயம் அவர் நினைவில் அப்படியே இருந்தது. சொன்ன வாய்தான் மாறிப் போயிற்று.

வயது ஏற ஏற ஞாபகசக்தி முழுவதும் ஒரே விதமாகக் குறைவதில்லை. கேட்ட விஷயம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அதை யார், எங்கே, எப்பொழுது சொன்னார் என்பதே அதிகமாக நழுவுகிறது. 1995-ல் ஸ்பென்ஸர், ராஸ் என்னும் இருவர் அதுவரை நடந்த பல பரிசோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்து இம்முடிவுக்கு வந்தார்கள். செய்தியையும் சூழ்நிலையையும் ஒரே முடிச்சாகப் போடுவது மூளையின் உட்புறத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. 'இது எங்கிருந்து வந்தது?' என்று பின்னால் விசாரணை நடத்துவது நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி. வியாதி ஒன்றும் இல்லாமலே இரண்டும் வயதோடு சற்றுத் தளர்கின்றன. சொன்ன கதையையே கேட்டவரிடமே மறுபடியும் சொல்லும் தாத்தாக்களின் இரகசியமும் ஏறக்குறைய இதுதான். கதை நினைவிருக்கிறது, இன்னாரிடம் சொல்லியாயிற்று என்பது நினைவில்லை. (பேரன் பேத்திகள் பொறுத்தருள வேண்டும்.)

ஆனால் மருந்து விஷயத்தில் சிரித்துவிட்டுப் போவதற்கில்லை. 2005-ல் ஸ்கர்னிக் முதலானோர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். முதியவர்களிடம் வைத்திய சம்பந்தமான கூற்றுகள் பலவற்றைக் காட்டி, அவற்றில் சில பொய் என்று எச்சரித்தார்கள். உடனே கேட்டபோது எச்சரிக்கை பலித்தது. மூன்று நாள் சென்றதும் காரியம் தலைகீழாகிவிட்டது. ஒரு முறை எச்சரித்த பொய்களைவிட மூன்று முறை எச்சரித்த பொய்களையே அவர்கள் மெய்யென்று அதிகமாக நம்பினார்கள்! பல தடவை கேட்டதால் விஷயம் பழகிப் போயிற்று. 'பொய்' என்ற முத்திரையோ உதிர்ந்துவிட்டது.

நானும் பெரியப்பாவிடம் நாலு நாளாக, "வெந்தயம் போதாது, வெந்தயம் போதாது" என்று ஜபித்துக் கொண்டிருந்தேன். என்ன விதை விதைத்தேனோ என்று இப்பொழுது நடுக்கமாயிருக்கிறது. இனி வெந்தயத்தின் பேச்சையே எடுப்பதாக இல்லை. 'தினந்தோறும் காலையில் மாத்திரை சாப்பிட வேண்டும்' என்று டாக்டர் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, மாத்திரைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். யார் சொன்னது என்று பெரியப்பா கேட்டால், கீழே கையெழுத்து இருக்கிறது.