இந்த அத்தியாயத்தில் யார் யார் உழைப்பு?

கோப்பாயின் செம்மண் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய ஓர் ஆள் போதாது. பசளையும் மலக்குழிக் கசிவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நிலத்தடி நீரில் இறங்கிவிடும் நிலம் இது. கிணறு கிணறாகப் போய் நீர் அள்ளுபவர் ஒருவர், ஆய்வுகூடத்தில் சோதிப்பவர் வேறொருவர், எண்களைப் புள்ளிவிபரமாக்குபவர் இன்னொருவர். கேள்வியை முதலில் எழுப்பியவர் மேற்பார்வையாளராக இருப்பார். இத்தகைய ஆய்வு நான்கு பெயர்களோடு ஒரு சஞ்சிகையில் வெளிவருகிறது. பிறகு அந்த நால்வரில் ஒருவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகிறது. ஆய்வேட்டின் அட்டையில் இருப்பது ஒரே பெயர்.

இதில் தவறில்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. அச்சில் வந்ததை ஆய்வேடாக ஏற்கலாமா என்ற தயக்கத்துக்கு இராமானுசனே பதில். 1915இல் இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் வந்த அவருடைய நீண்ட கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் 1916இல் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் கொடுத்தது. ஆனால் அதை அவர் தனியாக எழுதினார். கூட்டாக எழுதியவர்களின் சங்கடம் வேறு.

அதற்கு மேரி கியூரியைப் பார்க்க வேண்டும். 1903இல் பாரிசில் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில் கூட்டு வேலை நிறைய உண்டு. 1898இல் பொலோனியத்தை அறிவித்த கட்டுரையில் கணவர் பியரின் பெயரும் இருந்தது. ரேடியத்தை அறிவித்ததில் இரசாயனவியலாளர் பெமோனும் சேர்ந்து மூவர். யுரேனியக் கதிர்களில் தாம் தொடங்கியதையும், பியர் தம் சொந்த ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டுத் தம்மோடு இணைந்ததையும் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே மேரி எழுதிவிட்டார். அதனால் அவருடைய பங்கு சிறுத்துவிடவில்லை. அதே ஆண்டில் நோபல் பரிசு இருவருக்கும் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் இதற்கு மாறாக இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து மிசனரிமாரின் சொற்சேகரிப்பிலிருந்து வளர்ந்து 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதியின் தலைப்புப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மறைந்த யோசப் நைற்றின் கையெழுத்துப் பிரதிகளுக்கு அங்கே பெயரோடு இடமுண்டு. உதவிய தமிழறிஞர்களோ திறமையுள்ள சுதேச அறிஞர்கள் என்ற பொதுச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

கட்டுரையில் ‘நாங்கள்’ என்று இருந்ததை ஆய்வேட்டில் ‘நான்’ என்று திருத்தி, முன்பு வெளிவந்த செய்தியையே விட்டுவிடுவதும் அதே அநியாயந்தான். கூட்டுக் கட்டுரை இடம்பெறும் ஒவ்வோர் அத்தியாயத்தின் முகப்பிலும் சஞ்சிகையின் பெயர், ஆண்டு, இணையாசிரியர்கள், மாதிரி எடுத்தது யார், பகுப்பாய்வு செய்தது யார், எழுதியது யார் என்ற விபரம் ஒரு தாளில் வரவேண்டும். இணையாசிரியர்கள் அதில் ஒப்பமிட வேண்டும். ஒரே கட்டுரையை இரண்டு மாணவர்கள் தத்தம் ஆய்வேட்டில் சேர்க்க நேர்ந்தால் யாருக்கு எந்தப் பகுதி என்பது அப்போது தெரிந்துவிடும். வேலை செய்யாமல் பெயரை மட்டும் கொடுத்த மேற்பார்வையாளருக்கு அந்தத் தாளில் எழுத ஒன்றுமிராது. வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் முதலில் கையில் எடுக்க வேண்டியதும் அந்தத் தாளைத்தான்.

இது விஞ்ஞான பீடத்துக்கு மட்டுமான காரியமல்ல. அகழாய்வுக் குழியில் இறங்கி நின்றவர்களும், நாட்டார் பாடல்களைக் கிராமம் கிராமமாகப் பதிவுசெய்து கொடுத்த மாணவர்களும் கலைப்பீடத்து ஆய்வேடுகளுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தத் தாளில் பெயர் வேண்டும்.