மூன்று விநாடி

"உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று றக்வானையில் பெற்றோர் பலர் கேட்கின்றனர். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் மூன்று விநாடிக்குள் அதை விட்டாக வேண்டும். பந்தோடு ஓடவும் முடியாது. யாருக்குக் கொடுப்பது என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்கப் பயப்படும் நமக்கு இது டியூஷனில் கிடைக்காத பாடம். (டியூஷனில் பேசினால் ஏச்சுத்தான்!)

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றார். ஹிஜாபையும் தடையாகச் சொல்ல முடியாது; சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமே அதை 2014இல் அனுமதித்துவிட்டது.

உண்மையான தடை பஸ்தான். பிள்ளை இருட்டில் தனியே வருவதை எந்த வாப்பா விரும்புவார்? அந்தப் பயம் நியாயமானது. வாரத்தில் இரண்டு நாள், லுஹர் தொழுதபின் தொடங்கி நாலரைக்குள் முடித்து, ஒரே வழியில் போகும் பிள்ளைகளோடு ஓர் உம்மாவும் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாமே.