பெரிய காமிரா பணக்காரர்க்கு மட்டுமா?

நம் சங்க நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, பெருவடிவப் பிலிம் காமிரா ஒன்றும் சிறியதோர் இருட்டறையும் அமைக்க வேண்டும் என்று நான் கூறியபோது நண்பர் பலர் நகைத்தனர். "ஆளுக்கொரு கைபேசி இருக்கும் நாளில் முக்காலியும் கருந்துணியும் எதற்கு? அது செல்வர்தம் பொழுதுபோக்கு அன்றோ?" என்றனர். அவர்களுக்கு விடை கூறுவது என் கடமை.

செலவு என்னும் வாதம் புதியதன்று. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராய் இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகடிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒன்றாக இணைத்தார். மறு ஆண்டே ஆளுநர் டிரெவெலியன், ஆடம்பரச் செலவு என்று அப்பணியை நிறுத்திவிட்டார். அன்று மிச்சப்படுத்திய பணத்தை இன்று யார் நினைக்கிறார்கள்? படங்களோ லண்டனில் போற்றிக் காக்கப்படுகின்றன. நம் கோயிலின் அந்நாளைய தோற்றத்தைக் காண நாம் அங்கே கேட்க வேண்டியிருக்கிறது!

கைபேசியைவிடத் தெளிவான படம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. 4×5 அங்குலப் பிலிமின் பரப்பு 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு என்பது உண்மையே. ஆயினும் பெரும்பயன் கல்வியில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒளியியல், கருந்துணிக்குள் தலை நுழைத்தவுடன் கண்முன் நிற்கிறது. தேய்த்த கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு பூவை உள்ள அளவிலேயே எடுக்க வேண்டுமா? துருத்தியைக் குவியத் தூரத்தின் இருமடங்கிற்கு நீட்ட வேண்டும். ஒளி கால் பங்காகிவிடும். ஆகவே நான்கு மடங்கு நேரம் தேவை. கோபுரத்தை எடுக்கக் காமிராவை அண்ணாத்தினால் கோபுரம் பின்னால் சாயும். காமிராவை நேராக நிறுத்தி வில்லையை மட்டும் உயர்த்தினால் கோபுரமும் நேராக நிற்கும். இதைச் செய்து பார்த்தவன் மறப்பானா?

இனிச் செலவைப் பார்ப்போம். முதலில் பிலிமே வேண்டாம். டிரைப் போலவே காகிதத்தில் தொடங்கலாம். படம் அச்சிடும் காகிதத்தை வெட்டிச் சட்டத்தில் வைத்து வெயிலில் எடுத்து, சிவப்பு விளக்கில் தட்டிலிட்டுக் கழுவினால் நெகடிவ் கண்முன்னே மலரும். அடுத்து எக்ஸ்ரே பிலிம். இறக்குமதியாகும் படப் பிலிமைவிட விலை மிகக் குறைவு. 8×10 அங்குலத் தாள் ஒன்றை நான்காக வெட்டலாம். இருபுறமும் மருந்து பூசிய வகை எளிதில் கீறிவிடும், கவனம் தேவை. நெகடிவைக் காகிதத்தின்மேல் நேரே வைத்து அச்சிட்டால் பெரிதாக்கும் கருவியும் வேண்டாம். ஒன்றுமட்டும் சொல்வேன்: பயன்படுத்திய நிலைநிறுத்தும் கரைசலில் வெள்ளி கலந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

காமிராவோ? ஆலப்புழையில் கருணாகரன் என்னும் தொழிலறிஞர் 1940களில் தேக்கு மரத்தால் 'வாகீஸ்வரி' காமிராக்களைச் செய்யத் தொடங்கினார். அவருடையது இசைக்கருவிகள் செய்த குடும்பம். அந்தத் தொழிற்கூடம் இன்று இல்லை; ஆயினும் அக்காமிராக்கள் பழைய ஸ்டூடியோக்களில் இன்னும் தூங்குகின்றன. நம் நாட்டுக் கைகள் செய்த பொருளை நம் நாட்டு மாணவர் எழுப்பக் கூடாதா?

காமிரா வந்ததும் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தப் புனே நகரின் நடுவிலேயே எட்டாம் நூற்றாண்டுப் பாதாளேசுவரர் குடைவரை இருக்கிறது. முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி பெற்று, அதன் தூண்களை முதற்படமாக எடுப்போம். நமக்குச் சோறும் கல்வியும் தரும் ஊருக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறாகவும் அது அமையும்.

வரும் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். நகைத்த நண்பர்களும் வருக! எதிர்த்துப் பேசுக! ஆனால், செலவு என்ற ஒரே சொல்லோடு மட்டும் வராதீர்கள். அதற்குத் தஞ்சைக் கல்வெட்டுப் படங்கள் விடை கூறிவிட்டன.