கல் வீட்டுக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரெடெரிக்ஸ்பர்க், 1846இல் ஜெர்மானியக் குடியேறிகள் உருவாக்கிய ஊர். தொலைவில் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் சனிக்கிழமை சாமான் வாங்கி, ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்வர, ஊருக்குள் சின்னஞ்சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டன. ‘ஞாயிறு வீடு’ என்றே அவற்றுக்குப் பெயர். மரத்தில் கட்டியவை பல. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் எழுந்தவையும் உண்டு.

இத்தகைய கல் வீடுகளை எங்கே பழுதுபார்த்தாலும் சிமென்டைக் குழைத்துப் பூசுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது. சுண்ணாம்புக்கல் மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகவே வெளியேறி உலரும். கெட்டியான சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லுக்குள் தங்குகிறது, உப்புப் பூக்கிறது, கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது. காரை தேய்ந்தால் மறுபடி பூசலாம். கல் போனால் போனதுதான்.

ஞாயிறு வீடுகள் பல இன்று பயணிகள் தங்கும் விடுதிகள். அது நல்லதே, ஆளிருக்கும் வீடுதான் நிலைக்கும். அந்த வருமானத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குப் போகட்டும். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதும்போது, காரைப் பூச்சு குறித்தும் உங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்